பாலத்துக்கு இந்தப் பக்கம்

கோட்டுச்சேரிப் பக்கத்திலிருந்து காரைக்காலுக்குச் சைக்கிளில் வருவது ஒரு தூரமே இல்லை. வெயில் ஏறுவதற்கு முன்னால் கிளம்பினால் சட்டை நனையாமல் வந்து சேரலாம். ஆனால் என் தங்கச்சி அந்த ரோட்டோடு ஏழெட்டு வருஷம் மல்லுக்கட்டினாள். கடைசியில் இந்தப் பக்கம் வந்தவள் திரும்பிப் போகவில்லை. அதற்குக் காரணம் தூரம் இல்லை, சைக்கிளும் இல்லை. நடுவில் ஒரு பாலம் இருந்தது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாகப்பட்டினத்தில் மூட்டை தூக்கினேன். திருவாரூரில் அரிசி மில்லில் நெல் அவித்தேன். திருச்சியில் ஒரு லாரி ஷெட்டில் கிடந்தேன். அப்போதெல்லாம் எந்த வேலையும் ஒரு வருஷத்தைத் தாண்டவில்லை. வேலை போனாலோ, எனக்கே அலுத்துப்போனாலோ தங்கச்சி வீட்டுக்கு வருவேன். எழுபதுகளின் கடைசியில் அப்படி வந்தபோது அவளுக்கு டவுனில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் பத்தாவது முடித்தவள் அவள் ஒருத்திதான். தினக்கூலி வேலை. விடாமல் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தால் சில வருஷத்தில் நிரந்தரம் ஆக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளைக்கும் அதில் ஆசை இருந்தது. அவருக்குச் சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை கொஞ்சம். ஒரு வருஷம் ஆற்றில் தண்ணீர் வராது, அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் வயல் முழுகும். மாதம் பிறந்தால் வீட்டுக்கு ஒரு சம்பளம் வருவது யாருக்குக் கசக்கும்.

பஸ்ஸில் போகலாமே என்று கேட்பவர்கள் அந்த ரோட்டில் நின்று பார்த்தவர்கள் இல்லை. மாயவரத்திலிருந்தும் பொறையாற்றிலிருந்தும் வருகிற பஸ்கள் நிரம்பித்தான் வரும். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு, சாராயக்கடைகள் எங்கள் பக்கம். காலையிலேயே கிளம்பி வருகிறவர்கள் இருந்தார்கள். நடுவில் ஏறி நடுவில் இறங்குகிற ஆளுக்காக டிரைவர் பிரேக்கில் கால் வைக்க மாட்டார். நாம் கை காட்டினால் அவரும் கை காட்டிவிட்டுப் போவார். முதல் மாதம் தங்கச்சி பாதி நாள் நடந்தே போனாள். நேரம் தாண்டினால் அரை நாள் கூலி போய்விடும். அதுகூடப் பரவாயில்லை, ஒழுங்காக வருவதில்லை என்ற பேர் வந்துவிடும். நிரந்தரம் ஆக்கும்போது அதைத்தான் பார்ப்பார்களாம்.

அதனால் மாப்பிள்ளை டவுனில் ஒரு நர்ஸம்மா விற்ற பழைய லேடீஸ் சைக்கிளை வாங்கிவந்தார். ஊர் அரிசி மில் களத்தில் வைத்து நான்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். சீட்டைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓட, நெல் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

“என்னாடி இது, புருசன விட்டுட்டு ஓடுறதுக்குப் பழகிக்கிறியா?” என்றாள் ஒருத்தி.

“ஓடுறதா இருந்தா நடந்தே ஓடியிருப்பேங்க்கா. இது வேலைக்குப் போயிட்டுத் திரும்பி வர்றதுக்கு.”

“அண்ணன்காரன் பின்னாடியே ஓடுறானே, அவனுக்கு என்னா கூலி?”

“அவுரு சும்மாத்தானே சுத்துறாரு. எங்கிட்டாவது ஓடட்டும்.”

களத்திலும் தெருவிலும் அவள் சீக்கிரமே நன்றாக ஓட்டினாள். தார் ரோட்டுக்கு வந்ததும் விஷயம் வேறாக இருந்தது. எங்கள் ரோட்டில் ஆரன் கேட்டால் சைக்கிள் மண்ணில் இறங்கிவிட வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை, எல்லாருக்கும் தெரியும். ஆண்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்குவார்கள், பேச்சு நிற்காது. இறங்குவது சுலபம். தார் விளிம்பு அரை முழம் உயரம் என்பதால் திரும்ப ஏறுவதற்குக் கீழே குதித்துத்தான் தூக்கி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்த மண் சேறாகக் கிடக்கும். தங்கச்சி ஆபீசிலேயே ஒரு புடவையை மடித்து வைத்திருந்தாள்.

இதெல்லாம் பழகிவிடும், அவளும் பழகிக்கொண்டாள். பாலம்தான் பழகவில்லை. பிரெஞ்சுக்காரன் காலத்தில் மாட்டுவண்டிக்கு அளவெடுத்துக் கட்டின பாலம் அது. பஸ் ஏறினால் இரண்டு பக்கமும் கை நீட்டுகிற இடம் மிஞ்சும். கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம். ஆரன் அடித்தால் இறங்குவதற்கு அங்கே மண் கிடையாது, கீழே ஆறுதான்.

இதற்கு அந்தப் பக்கத்துச் சைக்கிள்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பாலத்தின் தலைமாட்டில் ஒரு புங்கமரம் நின்றது. காலையில் டவுனுக்குப் போகிற சைக்கிள் எல்லாம் அங்கே நிற்கும். தனியாக யாரும் பாலம் ஏறுவதில்லை. பால்காரர், மில் ஆட்கள், மீன் கூடை கட்டி வருகிறவர்கள், காலேஜ் பையன்கள், கடைச் சிப்பந்திகள் என்று ஒரு கும்பல் சேரும்வரை பீடி பிடித்துக்கொண்டு நிற்பார்கள். “ஏறலாமா” என்று ஒருவர் கேட்பார், “இன்னும் ரெண்டு பேரு வரட்டும்” என்று இன்னொருவர் சொல்வார். பிறகு பாலத்தின் அகலத்தை அடைத்துக்கொண்டு எல்லாரும் சேர்ந்து ஏறுவார்கள். பின்னால் எந்த பஸ் வந்தாலும் ஊர்ந்துதான் வர வேண்டும். பால்காரர் எப்போதும் கடைசியில் வருவார். அவர் கேரியரில் இரண்டு பக்கமும் கேன் தொங்கும். இடித்தால் பால் கொட்டும், பால் கொட்டினால் ஊர் திரண்டு வரும் என்று பஸ்காரனுக்குத் தெரியும். ஆள் விழுந்தால் அந்த அளவுக்கு வராது.

கும்பலில் தங்கச்சி ஒருத்திதான் பெண். முதல் நாள் அவள் ஓரமாக நின்றதைப் பார்த்துப் பால்காரர், “அம்மாவ நடுவுல விடுங்கப்பா, ஆபீசுக்குப் போவுது” என்றார். அதற்குப் பிறகு அவளுக்கு நடுவில் இடம் இருந்தது. இரண்டு மூன்று வருஷம் அவள் அப்படித்தான் போய்வந்தாள். வேறு வழி இல்லாமல் இல்லை. வாய்க்கால் கரையில் ஒரு பாதை போகும். ஆடியில் தண்ணீர் திறந்ததிலிருந்து தை வரைக்கும் அதில் மாடுதான் நடக்கும். காய்ந்த காலத்திலும் அது போய்ச் சேருவது ஒரு மூங்கில் பாலத்துக்கு. அங்கே சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடக்க வேண்டும். புடவை கட்டினவளால் ஆகாது.

சாயங்காலம்தான் மோசம். காலையில் வந்தவர்கள் குடித்துவிட்டுத் திரும்புகிற நேரம் அது. டவுன் பக்கம் பாலத்தடியில் கும்பலும் சேராது, அவரவர் அவரவர் நேரத்துக்குப் போவார்கள். பஸ் படியில் தொங்குகிறவன், “என்னாம்மா, டபுள்ஸ் ஏத்துவியா” என்பான். இன்னொருவன் எட்டி அவள் தோளைத் தட்டப் பார்ப்பான். வீட்டில் அவள் இதைச் சொன்னதில்லை. எனக்குத் தெரியவந்தது நான் பஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகு.

எண்பதுகளின் தொடக்கத்தில் அதே ரோட்டில் ஓடுகிற ஒரு பிரைவேட் பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்தேன். டிரைவர் நல்ல மனுஷன். வீட்டிலிருந்து ஷெட்டுக்கு அவரும் சைக்கிளில்தான் வருவார். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் ஆரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். ஏன் என்று ஒருநாள் டீக்கடையில் கேட்டேன்.

“பின்னாடி வர்றவன் என் கண்ணாடியில தெரிஞ்சுக்கிட்டே இருக்கான்ல. நான் மெதுவா போனா என் ஆளுங்கள அவன் ஏத்திக்குவான். சைக்கிள்காரன் ஒதுங்குனா அவனுக்கு என்னா நட்டம்? ரெண்டு நிமிசம். நான் ஒதுங்குனா எனக்கு ட்ரிப்பே போச்சு.”

“நீங்க சைக்கிள்ல வர்றப்ப?”

“நான் ஒதுங்கிருவேன். எனக்குத்தான் தெரியுமே, எவனும் நிறுத்த மாட்டான்னு.”

இதில் பொய் ஒன்றும் இல்லை.

அடுத்து ரோட்டை அகலப்படுத்தினார்கள். இரண்டு பக்கமும் மண்ணை மூடி ஜல்லி போட்டுத் தார் ஊற்றினார்கள். வழியெல்லாம் இருந்த மரங்களை வெட்டினார்கள், பாலத்துப் புங்கமரமும் போயிற்று. ஊரில் எல்லாருக்கும் சந்தோஷம், இனி சேற்றில் இறங்க வேண்டாம் என்று. பாலத்தை மட்டும் தொடவில்லை. பாலம் வேறு டிபார்ட்மெண்டாம். அகலமான ரோட்டில் பஸ்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வந்து, யார் முதலில் அந்தச் சந்துக்குள் நுழைவது என்று பாலத்தின் வாயில்தான் தீர்த்துக்கொண்டன. புதுத் தார் சைக்கிளுக்குப் போட்டது என்று நினைத்தவர்கள் ஒரு மாதத்தில் தெளிந்தார்கள். வேகம் ஏறினது, அவ்வளவுதான்.

கும்பலும் கரைந்தது. பால்காரர் மொபெட் வாங்கினார். கடைச் சிப்பந்திகளில் இரண்டு பேர் வாங்கினார்கள். காலேஜ் பையன்களைப் பயந்துபோன வீட்டுக்காரர்கள் பஸ் பாஸ் எடுத்து அனுப்பினார்கள், அவர்கள் படியில் தொங்கிக்கொண்டு போனார்கள். மில் ஆட்கள் சிலர் டவுனிலேயே தங்கிவிட்டார்கள். ஒருவர் போகப் போக மிச்சம் இருந்தவர்களுக்கு ஆபத்து கூடியது, அதனால் இன்னும் ஒருவர் போனார். நிழலும் இல்லாத இடத்தில் யார் நிற்பார்கள். சில காலைகளில் பாலத்தின் முன்னால் தங்கச்சி மட்டும் ஒற்றைக்காலை ஊன்றிக்கொண்டு நிற்பதைப் பஸ்ஸிலிருந்து பார்ப்பேன்.

“தள்ளிக்கிட்டுப் போயேன்” என்று ஒரு ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன்.

“தள்ளுனா இன்னும் மோசம்ணே. சைக்கிள் ஒரு அகலம், நான் ஒரு அகலம். ஓட்டுனா ஒரு அகலம்தான்.”

“பஸ்ஸு எதுவும் வராதப்ப ஏறு.”

“எப்ப வராம இருக்கு? நேத்து நின்னு நின்னு பாத்துட்டு ஏறுறேன், நடுவுல போறப்ப எதுக்க ஒன்னு, பின்னால ஒன்னு. ஆபீஸ்ல லேட்டுன்னா, பாலத்துல நின்னேன்னு சொல்றேன். பெரியவரு சிரிக்கிறாரு. நாங்கள்லாம் பாலத்து மேலதானே வர்றோம்கிறாரு. அவரு ஜீப்ல வர்றாரு.”

மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே, “லிஸ்டு போயிருக்குதாமே, இந்த வருசம் ஆக்கிருவாங்களாமே. இன்னும் கொஞ்ச நாளு பல்லக் கடிச்சுக்க” என்றார்.

“என் பல்லு நல்லாத்தாங்க இருக்கு” என்றாள் அவள்.

மாசி கடைசியில் எங்கள் பக்கம் உளுந்து அறுவடை. அறுத்த கொடியைக் காயவைத்து ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி மணி உதிர்ந்துவிடும். ஆளும் வேண்டாம், மாடும் வேண்டாம். ரோட்டில் போட்டால் டிரைவர்கள் விலக்கிக்கொண்டு போகப் பார்ப்பார்கள், கொடி சக்கரத்தில் சுற்றும் என்று. பாலத்தில் விலக்க இடம் கிடையாது, ஒவ்வொரு சக்கரமும் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். சிமெண்டுத் தரை என்பதால் மண்ணும் கலக்காது. அதனால் பாலத்துக்குப் போட்டி இருந்தது. அந்த வருஷம் மாப்பிள்ளையும் பக்கத்து வயல்காரரும் விடிவதற்கு முன்னாலேயே போய் இடம் பிடித்து, பாலத்தின் பாதி நீளத்துக்குப் பரப்பிவிட்டு வந்திருந்தார்கள். பொண்டாட்டி அதே பாலத்தில் சைக்கிளில் போகிறவள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. யாருக்கும்தான் தோன்றவில்லை. வருஷா வருஷம் போடுகிற உளுந்து.

அன்றைக்கு நாங்கள் மாயவரத்திலிருந்து நேரம் பிந்தி வந்தோம். பின்னால் வேறு வண்டி. பாலத்தின் மேல் தங்கச்சி போய்க்கொண்டிருந்தாள், தனியாக. டிரைவர் ஆரனில் கையை வைத்தார். அவள் திரும்பவில்லை, விடாமல் மிதித்தாள். கொடி பரப்பிய இடம் வந்தது. கொடியின் அடியில் உதிர்ந்து கிடக்கிற மணி சைக்கிள் டயருக்கு ஆகாது, குண்டுமணியின் மேல் ஓட்டுகிற மாதிரி. முன்சக்கரம் வழுக்கி அவள் கைப்பிடிச் சுவரின் பக்கம் விழுந்தாள். நான் விசிலை ஊதினேன். டிரைவர் அதற்கு முன்னாலேயே பிரேக்கை மிதித்திருந்தார். பஸ்ஸும் அதே உளுந்தின் மேல் சறுக்கிக்கொண்டு போய்ச் சைக்கிளின் பின்சக்கரத்தை மடக்கிவிட்டு நின்றது. அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கை திரும்பியிருந்தது.

ஜனங்கள் இறங்கினார்கள். “பொம்பளைக்கு இந்த ரோட்டுல சைக்கிள் எதுக்குங்கிறேன்” என்றார் ஒரு பெரியவர். “ஆரன் அடிக்கிறாங்கல்ல, காது கேக்காதா” என்றான் ஒருவன். நான் அவளிடம் போய் உட்கார்ந்ததைப் பார்த்து டிரைவர், “யாருப்பா, தெரிஞ்சவங்களா?” என்றார்.

“என் தங்கச்சி.”

அவர் முகம் மாறிவிட்டது. “மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? உன் தங்கச்சின்னு தெரிஞ்சா நான் ஏன்ப்பா ஆரன் அடிக்கப்போறேன்” என்றார். மனதாரத்தான் சொன்னார்.

வயலிலிருந்து மாப்பிள்ளையும் பக்கத்து வயல்காரரும் இன்னும் சிலரும் ஓடிவந்தார்கள். கையில் விளக்குமாறும் சாக்கும் இருந்தன. ரோட்டில் உளுந்து போடுவது குற்றம், போலீஸ் வந்தால் கேஸ் எழுதுவார்கள். மாப்பிள்ளை அவள் முன்னால் குனிந்து, “அடி பலமா?” என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து யாரோ, “சீக்கிரம் அள்ளுங்கப்பா, டவுன் ஸ்டேசனுக்கு ஆளு போயாச்சு” என்றார்கள். அவர் எழுந்து போய் அள்ளத் தொடங்கினார். பஸ்ஸின் அடியில்கூடப் படுத்து இழுத்தார்கள். கைப்பிடிச் சுவரின் ஓரத்தில், அவள் காலைச் சுற்றிக் கிடந்ததையும் கூட்டினார்கள். “காலக் கொஞ்சம் எடும்மா” என்றார் பக்கத்து வயல்காரர். அவள் காலை எடுத்துக்கொண்டாள்.

போலீஸ்காரர் வந்தபோது பாலம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பெண்மணி பயத்தில் தானே விழுந்தார் என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். டிரைவர் மீது தப்பு இல்லை, ஊர் மீது தப்பு இல்லை. நான் உளுந்தைப் பற்றிச் சொன்னேன். போலீஸ்காரர் சுற்றிலும் பார்த்துவிட்டு, “எங்க இருக்கு?” என்றார்.

டவுன் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். சாயங்காலம் மாப்பிள்ளை வெளியே டீ வாங்கப் போயிருந்தபோது அவள் சொன்னாள்: “ஒரு ரூம்பு பாருண்ணே. பாலத்துக்கு இந்தப் பக்கமா.”

“கட்டு அவுக்கிற வரைக்குமா?”

“பாரேன் மொதல்ல.”

டவுனை ஒட்டின கோவில்பத்தில் ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டில் ஓர் அறை கிடைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அங்கே போனாள். அடுத்த வாரமே ஆபீசுக்குப் போய் ஒற்றைக் கையால் டைப் அடித்தாள். இத்தனை வருஷத்தை ஒரு மாத விடுப்பில் விட முடியாது என்றாள். மாப்பிள்ளை முதலில் கோபித்தார், பிறகு ஊர் என்ன சொல்லும் என்றார், பிறகு அரிசி கொண்டுவந்து போட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவார், மத்தியானம் சாப்பிடுவார், மாடு கறக்க வேண்டும் என்று பொழுது சாய்வதற்கு முன்னால் போய்விடுவார். அவரையும் அந்தப் பாலம் இருட்டில் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன். அவர் அதைச் சொல்லவில்லை. உளுந்தைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டு நான் கேட்டதில்லை.

கட்டு அவிழ்த்ததும் சைக்கிளுக்கு வேறு சக்கரம் போட்டு ஓட்டினாள். கோவில்பத்திலிருந்து டவுனுக்கு நேர்க்கோடாகக் கிடக்கிற பழைய தெருக்களில் ஒரு பஸ்ஸும் நுழையாது. ஆபீஸ், மார்க்கெட், ஆஸ்பத்திரி, கடற்கரை என்று நினைத்த இடத்துக்கெல்லாம் போனாள். போக முடியாத இடம் சொந்த வீடு ஒன்றுதான். பொங்கலுக்குப் போனாள், பஸ்ஸில் நின்றுகொண்டு. பாலம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள் என்று கண்டக்டர் எனக்குச் சொன்னார். அதன் பிறகு பண்டிகைக்கும் மாப்பிள்ளைதான் இந்தப் பக்கம் வந்தார்.

அடுத்த வருஷத்துக்கும் அடுத்த வருஷம் ஆர்டர் வந்தது. தங்கச்சி நிரந்தரம். அதற்குள் பஸ் வேலையை விட்டுவிட்டு நான் கிளம்புகிற எண்ணத்தில் இருந்தேன். “போற வழியில அவருகிட்ட சொல்லிட்டுப் போண்ணே” என்றாள். சந்தோஷமாக இருந்தாளா என்று கேட்டால், மிட்டாய் வாங்கி வைத்திருந்தாள், எனக்கும் கொடுத்தாள்.

மாப்பிள்ளை கொல்லையில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். மிட்டாயை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் தேய்த்த இடத்தையே தேய்த்தார்.

“நிரந்தரம்னா எத்தன வருசம் மச்சான்?”

“ரிட்டயர் ஆவுற வரைக்கும்.”

“பாலத்த அகலப்படுத்தப் போறாங்கன்னு கொம்யூன் பஞ்சாயத்துல பேச்சு இருக்குதாமே.”

“ரோடு போட்டப்பவும் அந்தப் பேச்சு இருந்துச்சு.”

அவர் வாளியை எடுத்து மாட்டின் முதுகில் தண்ணீரை ஊற்றினார். “அப்ப இங்க வர மாட்டா” என்றார். அவர் என்னைக் கேட்கவில்லை. நான் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்று சொன்னேன். சமைக்க ஆள் இல்லை, பழையது இருந்தது. இருவரும் அதைச் சாப்பிட்டோம்.